பிணையவழி இயங்குதள நிறுவுகை: செயல்முறையும் நம்பகச் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி ஆய்வகங்களில் உள்ள கணினிகள் அனைத்திற்கும் இயங்குதளத்தைப் பிணையத்தின் வழியே ஒருசேர நிறுவும் முறை கல்வி நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் பரவலாகக் கையாளப்படுகிறது. இம்முறை காலத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்துவது என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. எனினும், அதன் அடிப்படை இயல்பு விரைவு அன்று. ஒருவரது ஒரு முடிவை நூற்றுக்கணக்கான கணினிகளில் பெருக்குவதே ஆகும். பெருகுவது சரியானதாயின் பயன் பெருகும். பிழையாயின் பிழையும் அதே அளவில் பெருகும். எனவே சரிபார்ப்பு என்பது பெருக்கத்திற்கு முன்னரே நிகழ வேண்டும். கணினியின் அழைப்புக்கு விடையளிப்பது யார், படிமத்தின் வழியே பெருகுவது எது, அது சென்று சேர்வது எவற்றுக்கு என்னும் மூன்று வினாக்களின்வழி இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்வழிக் கணிப்பணிக்கு மூலப் படிமம் எவ்வாறு அடிப்படையாகிறது என்பதும் இங்கு ஆராயப்பெறுகிறது.

திறவுச் சொற்கள்: இயங்குதளம், பிணையவழித் தொடக்கம், மூலப் படிமம், விடைக் கோப்பு, பாதுகாப்பான தொடக்கம், தமிழ்க் கணிமை.

முன்னுரை

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் 60 கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் விரலியைச் செருகி இயங்குதளத்தையும் வேண்டிய மென்பொருள்களையும் நிறுவ 40 நிமிடம் ஆகுமெனில், ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க 40 மணி நேரம் தேவை. அவ்வளவு உழைத்த பின்னரும் 60 கணினிகளும் ஒரே நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒன்றில் எழுத்துரு விடுபட்டிருக்கும். மற்றொன்றில் மென்பொருளின் பழைய பதிப்பு இருக்கும். இவ்விரு இடர்ப்பாடுகளுக்கும் தீர்வாக அமைந்ததே பிணையவழி நிறுவுகை.

இம்முறையில் கணினியின் வன்வட்டு வெறுமையாக இருப்பினும் தடையில்லை. தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள், பிணைய அட்டையின் வழியே ஒரு வழங்கியைத் தேடிக் கண்டு, தொடக்க நிரலைப் பெற்று, அதனை இயக்குகிறது. அந்நிரல் எஞ்சிய பணிகளை முடிக்கிறது. ஆய்வகப் பொறுப்பாளர் ஓரிடத்தில் இருந்தபடியே அனைத்துக் கணினிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர முடிகிறது.

ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் இதனைத் தொழில்நுட்பப் பணியாளர்க்குரிய செய்தியாகவே பெரும்பாலும் கருதுகின்றனர். ஆயினும், தாம் பயன்படுத்தும் கணினியில் எந்த விசைப்பலகை இருக்கும், எந்தக் கோப்பு திறக்கும், சேமித்து வைத்த தரவு மறுநாள் இருக்குமா என்பவற்றை இம்முறையே முடிவு செய்கிறது. ஆதலின் அதன் செயல்முறையை அறிந்திருப்பது கணினியைப் பயன்படுத்தும் அனைவர்க்கும் பயனுடையதாகும்.

1. வரலாற்றுப் பின்புலம்

பிணையத்தின் வழியே கணினியைத் தொடக்கும் எண்ணம் வன்வட்டு விலையுயர்ந்ததாக இருந்த காலத்தில் தோன்றியது. 1980களில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் வட்டற்ற பணிநிலையங்கள் பயன்பாட்டில் இருந்தன. தமக்கென வன்வட்டு இல்லாத இக்கணினிகள் இயங்குதளத்தையும் கோப்புகளையும் வழங்கியிலிருந்தே பெற்றன. வட்டற்ற கணினிக்குத் தன் முகவரியை நினைவில் வைத்துக்கொள்ள இடமில்லை. ஆகவே, தொடங்கும் ஒவ்வொரு முறையும் தன் முகவரியைப் பிறரிடம் கேட்டறிய வேண்டியிருந்தது.

இத்தேவையை நிறைவு செய்ய 1984இல் ஆர்.ஏ.ஆர்.பி. நெறிமுறையும், 1985இல் பூட்பி நெறிமுறையும் வெளியிடப்பெற்றன. பூட்பி, கணினியின் முகவரியோடு அது பெற வேண்டிய தொடக்கக் கோப்பின் பெயரையும் தெரிவித்தது. கோப்பைக் கொண்டுசேர்க்கும் பணியை டி.எஃப்.டி.பி. என்னும் எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை ஏற்றது. பூட்பியின் வளர்ச்சி நிலையாக 1993இல் டி.எச்.சி.பி. தோன்றியது, இன்றும் அடிப்படையாக விளங்கும் அதன் வரையறை 1997இல் வெளிவந்தது.

தனிநபர் கணினிகள் பெருகியபோது ஒவ்வொரு பிணைய அட்டை நிறுவனமும் தனித்தனித் தொடக்க முறையைக் கையாண்டது. இவற்றைப் பொதுமைப்படுத்தும் நோக்கில் இன்டெல் நிறுவனம் பி.எக்ஸ்.இ. எனப்படும் தொடக்கத்திற்கு முந்தைய செயற்சூழலை வரையறுத்தது. 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான அதன் 2.1 பதிப்பு நெடுங்காலம் நிலைத்தது. அது புதிய நெறிமுறையைப் படைக்கவில்லை. முன்னரே வழக்கிலிருந்த டி.எச்.சி.பி.யையும் டி.எஃப்.டி.பி.யையும் இணைத்து ஒழுங்குபடுத்தியது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்நெறிமுறைகள் ஒருவரையொருவர் அறிந்த சிலர் பயன்படுத்திய சிறு பிணையங்களுக்காக உருவானவை. பிணையத்தில் இருப்போர் அனைவரும் நம்பத்தக்கவர் என்னும் கருதுகோள் அவற்றின் அடித்தளத்தில் உள்ளது. சூழல் மாறிய பின்னரும் அக்கருதுகோள் மாறவில்லை.

2. செயல்முறை

பிணையவழி நிறுவுகையை ஐந்து படிநிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

முதற்படி, அழைப்பு. மின்னிணைப்புப் பெற்ற கணினி, தனக்கு முகவரியில்லாத நிலையில், தன் பிணையப் பகுதி முழுமைக்கும் ஒரு கோரிக்கையை அறிவிக்கிறது. தான் பிணையவழித் தொடக்கத்தை நாடும் கணினி என்பதையும், தன் செயலியும் நிலைபொருளும் எவ்வகையின என்பதையும் அதில் குறிப்பிடுகிறது. பழைய பயாஸ் வகைக் கணினிக்கும் புதிய யு.இ.எஃப்.ஐ. வகைக் கணினிக்கும் வெவ்வேறு தொடக்கக் கோப்புகள் தேவைப்படுவதால் இக்குறிப்பு இன்றியமையாதது.

இரண்டாம் படி, விடை. டி.எச்.சி.பி. வழங்கி ஒரு முகவரியை அளிக்கிறது. தொடக்கக் கோப்பு இருக்கும் வழங்கியின் பெயரும் கோப்பின் பெயரும் அதனுடன் வரலாம். முகவரி தரும் பொறுப்பு ஒரு வழங்கியிடமும், தொடக்கக் குறிப்புத் தரும் பொறுப்பு வேறொரு வழங்கியிடமும் இருக்குமாறு பிரித்தமைக்கவும் இயலும். முன்பே முகவரி வழங்கும் கருவி இயங்கும் பிணையங்களில் இவ்வமைப்பு வசதியானது.

மூன்றாம் படி, தொடக்க நிரலைப் பெறுதல். கணினி டி.எஃப்.டி.பி. வழியாகச் சிறிய நிரல் ஒன்றைத் தரவிறக்கி நினைவகத்தில் இயக்குகிறது. பி.எக்ஸ்.இ.லினக்ஸ், கிரப், ஐபி.எக்ஸ்.இ. ஆகியன இவ்வகை நிரல்கள்.

நான்காம் படி, தற்காலிக இயங்குதளம். தொடக்க நிரல், லினக்ஸின் கெர்னலையோ விண்டோஸின் சிறு நிறுவற்சூழலையோ கொண்டுவந்து நினைவகத்திலேயே இயக்குகிறது. இதுவரையில் வன்வட்டு தொடப்படவில்லை.

ஐந்தாம் படி, நிறுவுதல். இதற்கு இரு வழிகள் உள்ளன. முன்னரே ஆயத்தம் செய்த கணினி ஒன்றின் வட்டை நகலெடுத்து உருவாக்கிய மூலப் படிமத்தை அப்படியே எழுதுவது ஒன்று. நிறுவியைத் தொடக்கம் முதல் இயக்கி, அது கேட்கும் வினாக்களுக்கு உரிய மறுமொழிகளை ஒரு விடைக் கோப்பில் எழுதித் தருவது மற்றொன்று. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லாவும், ஃபாக் என்னும் கட்டற்ற மென்பொருளும் முதல் வகையின. டெபியனின் பிரிசீட், ரெட் ஹேட்டின் கிக்ஸ்டார்ட், விண்டோஸின் அனட்டென்ட் கோப்பு ஆகியன இரண்டாம் வகைக்கு உரியவை.

இப்படிநிலைகளில் வேகத்தை வரையறுக்கும் காரணிகள் இரண்டு. ஒன்று, டி.எஃப்.டி.பி.யின் எளிமை. அது இயல்பாக 512 பைட்டு கொண்ட ஒரு தொகுதியை அனுப்பி, ஒப்புகை வந்த பின்னரே அடுத்ததை அனுப்பும். ஒரு தொகுதி சென்று ஒப்புகை திரும்ப ஒரு மில்லி வினாடி ஆகுமெனில், ஒரு வினாடியில் ஏறத்தாழ 512 கிலோபைட்டு மட்டுமே நகரும். 300 மெகாபைட்டு அளவுள்ள நிறுவற்சூழலைப் பெற ஏறக்குறைய 10 நிமிடம் தேவைப்படும். பிணையம் எத்துணை அகன்றதாயினும் இக்காத்திருப்பு குறையாது. தொகுதியின் அளவைக் கூட்ட 1998இலும், ஓர் ஒப்புகைக்குப் பல தொகுதிகளை அனுப்ப 2015இலும் நீட்டிப்புகள் வரையறுக்கப்பட்டன. சிறு தொடக்க நிரலை மட்டும் டி.எஃப்.டி.பி. வழியே பெற்று, பெரிய கோப்புகளை எச்.டி.டி.பி. வழியே பெறுவதும் நடைமுறையில் உள்ளது.

மற்றொன்று, படிமத்தின் அளவு. 8 கிகாபைட்டு படிமத்தை 60 கணினிகளுக்குத் தனித்தனியே அனுப்பினால் வழங்கியிலிருந்து 480 கிகாபைட்டு வெளியேற வேண்டும். வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பில், கோட்பாட்டளவில் இதற்கே 64 நிமிடம் ஆகும். ஒரே தரவோட்டத்தை அனைத்துக் கணினிகளும் ஒருசேரப் பெறும் குழுப் பரப்பல் முறையில் 8 கிகாபைட்டு மட்டுமே அனுப்பினால் போதும். ஆனால் அனைத்துக் கணினிகளும் இணைந்து நடக்க வேண்டியிருப்பதால், மிக மெதுவான கணினியே மொத்த வேகத்தை முடிவு செய்யும். பழுதுற்ற ஒரு வன்வட்டு ஆய்வகம் முழுவதையும் காத்திருக்கச் செய்யக்கூடும்.

3. விடையளிப்பது யார்?

மேற்கண்ட ஐந்து படிநிலைகளில் இரண்டாவது படியே நம்பகச் சிக்கலின் தோற்றுவாய். வெறுமையான கணினி பிணையத்தில் குரல் எழுப்புகிறது, விடை வருகிறது. அவ்விடையை அளித்தவர் உரிமையுடையவர்தாமா என்று சரிபார்க்க அக்கணினியிடம் எவ்வகைச் சான்றும் இல்லை. உரிய வழங்கிக்கு முன்னதாக வேறொரு கருவி விடையளித்தால், கணினி அதனையே ஏற்கும் வாய்ப்பு உண்டு. 1997இல் வெளியான டி.எச்.சி.பி. வரையறையே தன் பாதுகாப்புக் குறைபாட்டையும், உரிமையற்ற வழங்கிகளை எளிதில் அமைத்துவிட முடியும் என்பதையும் வெளிப்படையாகச் சுட்டியுள்ளது.

டி.எஃப்.டி.பி.யும் இத்தகையதே. அதில் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ இல்லை. கோப்பின் பெயரை அறிந்த எவரும் அதனைப் பெறலாம். விடைக் கோப்பில் மேலாளர் கடவுச்சொல்லை எழுதி வைக்கும் பழக்கம் இதனால் இடர் மிக்கதாகிறது. நிறுவப்படும் கணினி படிக்கக்கூடிய கோப்பை, அதே பிணையத்தில் உள்ள வேறொரு கணினியும் படிக்கக்கூடும்.

இச்சிக்கலுக்கான தீர்வுகள் இரு தளங்களில் அமைகின்றன. முதலாவது, பிணையத் தளம். சுவிட்ச் கருவியில், எந்த இணைப்புத் துளையிலிருந்து வரும் டி.எச்.சி.பி. விடைகளை மட்டும் ஏற்பது என்று வரையறுத்துவிடலாம். மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் இயக்கும் வழங்கியின் விடைகள் அங்கேயே தடுக்கப்படும். நிறுவுகைக்கெனத் தனிப் பிணையப் பகுதியை ஒதுக்குவதும் இவ்வகையைச் சார்ந்தது.

இரண்டாவது, கணினித் தளம். யு.இ.எஃப்.ஐ. வரையறையின் 2.3.1 பதிப்பில் இடம்பெற்ற பாதுகாப்பான தொடக்கம், 2012இல் விண்டோஸ் 8 வெளியான பின்னர்ப் பரவலாயிற்று. இதன்படி நிலைபொருள், தான் பெற்ற தொடக்க நிரலின் மின்கையொப்பத்தைத் தன்னிடமுள்ள திறவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே இயக்கும். லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்னும் சிறு நிரல் முதலில் இயங்கி, கிரப்பையும் கெர்னலையும் அடுத்தடுத்துச் சரிபார்க்கிறது. யு.இ.எஃப்.ஐ. 2.5 பதிப்பில் இடம்பெற்ற எச்.டி.டி.பி. வழித் தொடக்கம், சான்றிதழைக் கொண்டு வழங்கியின் அடையாளத்தையே சரிபார்க்கும் வாய்ப்பையும் தந்தது.

இருப்பினும் இப்பாதுகாப்பின் எல்லையை உணர்தல் வேண்டும். கையொப்பச் சரிபார்ப்பு பொதுவாகக் கெர்னலோடு நின்றுவிடுகிறது. அதனுடன் வரும் தொடக்க நினைவக வட்டும், விடைக் கோப்பும், எழுதப்படும் படிமமும் அச்சங்கிலிக்கு வெளியே இருப்பதே வழக்கம். வாயிற்காவலர் வண்டியோட்டியின் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார். வண்டியில் ஏற்றப்பட்டுள்ள சரக்கை அவர் பார்ப்பதில்லை. படிமத்தின் சரிபார்ப்புத் தொகையைத் தனியே கணித்து ஒப்பிடுவது ஆய்வகப் பொறுப்பாளரின் கடமையாகிறது.

மேலும், சரிபார்ப்பதற்கு முன்பே பொதிகளைப் பெற்றுப் படிக்கும் நிரலில் பிழையிருப்பின் சரிபார்ப்பு பயனற்றதாகிவிடும். பல கணினி நிறுவனங்களின் நிலைபொருளுக்கு அடிப்படையான ஈ.டி.கே. 2 மூலநிரலின் பிணையப் பகுதியில் ஒன்பது பாதுகாப்புக் குறைபாடுகள் இருப்பதை, ஃபிரான்சு நாட்டின் குவார்க்ஸ்லேப் நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. பிக்ஸிஃபெயில் எனப் பெயரிடப்பெற்ற இக்குறைபாடுகள் பிணையவழித் தொடக்கத்தின்போது வெளிப்படுவன. நிலைபொருளைப் புதுப்பிப்பதும், தேவையற்ற வேளையில் பிணையவழித் தொடக்கத்தை அணைத்து வைப்பதும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இது காட்டுகிறது.

4. பெருகுவது எது?

மூலப் படிமம் ஒரு கணினியின் முழுமையான நகல். முழுமை என்னும் அதன் சிறப்பே அதன் குறையாகவும் மாறுகிறது. கணினியில் இருப்பவை இரு வகையின: அனைத்துக் கணினிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டியவை, ஒவ்வொன்றுக்கும் தனித்தன்மையுடன் இருக்க வேண்டியவை. படிமம் இவ்வேறுபாட்டை அறியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்குகிறது.

லினக்ஸ் கணினியில் தொலைநிலை அணுகலுக்குரிய எஸ்.எஸ்.எச். திறவி அக்கணினியின் அடையாளம். படிமத்தில் அது இடம்பெற்றுவிட்டால் 60 கணினிகளும் ஒரே அடையாளத்தைப் பெறும். ஒன்றின் திறவியைக் கைப்பற்றியவர் ஏனைய 59 கணினிகளாகவும் நடிக்க இயலும். சிஸ்டம்டி பயன்படுத்தும் கணினி அடையாள எண்ணும் இத்தகையது. அவ்வெண்ணைக் கொண்டு முகவரி கோரும் அமைப்புகளில், நகலான இரு கணினிகள் ஒரே முகவரியைப் பெற்று ஒன்றின் தொடர்பை மற்றொன்று துண்டிக்கும். பயனர் இதனைக் கம்பிக் கோளாறு என்றே எண்ணுவார்.

விண்டோஸ் கணினிகளில் இதற்கெனச் சிஸ்பிரெப் என்னும் கருவி உள்ளது. அதனைக் கொண்டு பொதுமைப்படுத்தாமல் எடுத்த படிமம் பலவகைச் சிக்கல்களுக்கு இடமளிக்கிறது. நிறுவனத்திற்குள் இயங்கும் இற்றைப்படுத்தல் வழங்கி, ஒரே அடையாளமுள்ள பல கணினிகளை ஒன்றாகவே காட்டும். எஞ்சியவை பாதுகாப்பு இற்றைப்பாடுகளைப் பெற்றனவா என்பது பட்டியலில் புலப்படாது. மொத்த உரிமச் செயலாக்க வழங்கி, குறைந்தது 25 விண்டோஸ் பயனர் கணினிகளைக் கணக்கிட்ட பின்னரே அவற்றின் உரிமத்தைச் செயற்படுத்தும். நகலான கணினிகள் ஒரே எண்ணைத் தெரிவிப்பதால், 60 கணினிகள் இருந்தும் எண்ணிக்கை உயராது.

இங்கு ஒரு கருத்து வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் கணினியின் பாதுகாப்பு அடையாள எண் இரட்டித்தல் பேரிடர் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2009இல் மார்க் ருசினோவிச் அக்கருத்தை மறுத்து, அவ்வெண் இரட்டிப்பதால் மட்டும் சிக்கல் விளைவதில்லை என்று விளக்கினார். அதனை மாற்றுவதற்கென வழங்கிய தம் கருவியையும் விலக்கிக்கொண்டார். ஆயினும் சிஸ்பிரெப் பயன்படுத்த வேண்டும் என்னும் மைக்ரோசாஃப்டின் நெறி மாறவில்லை. ஏனெனில் பொதுமைப்படுத்தல் என்பது அவ்வொரு எண்ணை மாற்றுவது மட்டுமன்று. ஏனைய அடையாளங்களையும் நீக்குவதாகும்.

விடைக் கோப்பு முறையில் இச்சிக்கல் மிகக் குறைவு. ஒவ்வொரு கணினியிலும் நிறுவி புதிதாக இயங்குவதால் அடையாளங்களும் புதிதாகப் பிறக்கின்றன. மேலும், விடைக் கோப்பு மனிதர் படிக்கத்தக்க உரை. அதில் யார் எதனை எப்போது மாற்றினார் என்பதைப் பதிவு செய்யலாம். பிறர் படித்துத் திருத்தலாம். பல கிகாபைட்டு அளவுள்ள படிமத்தை எவரும் படித்துப் பார்க்க இயலாது. வேகத்தில் படிமமும், ஆய்வுக்கு உட்படும் தன்மையில் விடைக் கோப்பும் சிறந்தவை எனலாம்.

5. மூலப் படிமமும் தமிழும்

மூலப் படிமத்தில் இல்லாதது எந்தக் கணினியிலும் இல்லை. தமிழைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை தனிக் கவனத்திற்குரியது. மேலாளர் உரிமை இல்லாத மாணவரால் ஆய்வகக் கணினியில் பெரும்பாலும் விசைப்பலகையையோ எழுத்துருவையோ சேர்க்க முடியாது. படிமத்தை உருவாக்கியவர் தமிழ் உள்ளீட்டைச் சேர்க்க மறந்திருந்தால், அவ்வாய்வகத்தில் மறு படிமம் வரும் வரையில் தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லை.

இத்தனைக்கும் இதற்குத் தேவையான கூறுகள் அனைத்தும் முன்பே உள்ளன. தமிழ் எழுத்துகள் 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. தமிழ்99 விசைப்பலகை 1999இல் தரப்படுத்தப்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் தமிழ் மொழியமைவும், தமிழ்99 உள்ளீட்டு வசதியும், நோட்டோ, லோகித் ஆகிய தமிழ் எழுத்துருக்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விடைக் கோப்பில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். அவை எல்லாக் கணினிகளுக்கும் சென்று சேரும். பெருக்கத்தின் பயனைத் தமிழ் முழுமையாகப் பெறும் இடம் இதுவே.

இழப்பு நேரும் இடமும் ஒன்றுண்டு. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்ற ஆய்வேடுகளும் கட்டுரைகளும் தமிழ்த் துறைகளில் இன்றும் உள்ளன. பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த கோப்பு, உண்மையில் இலத்தீன் எழுத்துகளின் குறியெண்களையே தாங்கியுள்ளது. எழுத்துருவே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய படிமத்தில் அவ்வெழுத்துரு இல்லையெனில் கோப்பு பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி அதனை நீக்கிவிடும் இடர் இங்கு உள்ளது. கெட்டது கோப்பன்று, அதனைப் படிக்கும் கண்ணாடியே காணாமற் போயிருக்கிறது. எனவே படிமம் மாற்றுவதற்கு முன்னரே பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி ஒப்புநோக்குதல் வேண்டும். உரிமம் இடந்தரும் எழுத்துருக்களைப் புதிய படிமத்திலும் தொடர்தல் வேண்டும்.

இதனினும் பெரிய இழப்பு தரவழிவு. வட்டு முழுவதையும் எழுதும் முறையில், அதிலுள்ள அனைத்துப் பகுதிகளும் அழிகின்றன. இயங்குதளம் ஒரு பகுதியிலும் தம் கோப்புகள் வேறொரு பகுதியிலும் இருப்பதால் அவை தப்பிவிடும் என்னும் நம்பிக்கை இங்குப் பொருந்தாது. களஆய்வு ஒலிப்பதிவுகள், சுவடிகளின் நிழற்படங்கள் போன்று மீண்டும் திரட்ட இயலாதவை ஆய்வகக் கணினியின் வட்டில் மட்டும் இருத்தல் கூடாது.

6. சென்று சேர்வது எவற்றுக்கு?

மூன்றாம் வினாவுக்குத் தக்க சான்று, அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் 2014 மே மாதத்தில் நிகழ்ந்தது. விண்டோஸ் 7 இயங்குதளத்தை நிறுவும் பணி ஒன்று, அப்பல்கலைக்கழகத்தின் மேலாண்மை அமைப்பிலிருந்து விண்டோஸ் கணினிகள் அனைத்திற்கும் தவறுதலாக அனுப்பப்பட்டது. மேசைக் கணினிகள், மடிக்கணினிகள் மட்டுமன்றி வழங்கிகளும் அதில் அடங்கின. அப்பணியின் தொடக்கமே வட்டைப் பிரித்து வடிவமைப்பதாக இருந்தது. பிழை கண்டறியப்பட்டு மேலாண்மை வழங்கி அணைக்கப்பட்டது. எனினும் அதற்குள் அவ்வழங்கியே தன் ஆணைக்கு இலக்காகி அழிக்கப்பட்டிருந்தது.

இந்நிகழ்வில் தாக்குதல் நடத்தியவர் எவருமில்லை. நெறிமுறைகள் சரியாக இயங்கின, படிமமும் முறையானதே. பிழை, இலக்கை வரையறுத்ததில் மட்டுமே இருந்தது. முதலிரு வினாக்களுக்கும் சரியான விடை இருந்தும், மூன்றாம் வினாவைக் கேளாமையால் மொத்த அமைப்பும் வீழ்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

இதிலிருந்து நான்கு நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, இலக்கு என்பது விலக்குகளைக் கழித்து எஞ்சுவதாக இல்லாமல், பெயரிட்டுச் சேர்த்த கணினிகளின் பட்டியலாக இருத்தல் வேண்டும். ‘இவை தவிர அனைத்தும்’ என்பதை விட ‘இவை மட்டும்’ என்பது பாதுகாப்பானது. இரண்டாவது, நிறுவும் வழங்கியும் அதன் காப்புப்படியும் எந்த இலக்குக் குழுவிலும் இடம்பெறலாகாது. மூன்றாவது, பெருக்கம் படிப்படியாக நிகழ வேண்டும். முதலில் ஒரு கணினி, அடுத்து ஐந்து, அதன்பின் ஒரு வரிசை, இறுதியில் ஆய்வகம் என்று விரிவது தக்கது. நான்காவது, வட்டை அழிக்கும் பணிக்குக் கணினியின் முன் ஒருவர் விசையை அழுத்தி இசைவளிக்கும் முறையை, முடிந்த இடங்களில் தக்கவைத்துக்கொள்ளல் நன்று. தொடக்க வரிசையில் பிணையத்தை முதலிடத்தில் நிலையாக வைப்பது வசதியானதே. ஆனால் அவ்வசதி, அழிப்பதற்கும் மனித இசைவு தேவையில்லாத நிலையை உண்டாக்குகிறது.

முடிவுரை

பிணையவழி நிறுவுகை வட்டற்ற கணினிகளின் காலத்தில் தோன்றி, இன்று ஆய்வகங்களின் அன்றாட நடைமுறையாக வளர்ந்துள்ளது. அதன் நெறிமுறைகள் நம்பிக்கையை முன்கொண்டவை. சரிபார்ப்பைப் பின்னர்ச் சேர்த்துக்கொண்டவை. பாதுகாப்பான தொடக்கம் முதலிய முன்னேற்றங்கள் விடையளிப்பது யார் என்னும் வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றன. பெருகுவது எது, சென்று சேர்வது எவற்றுக்கு என்னும் வினாக்களுக்கு விடை தர எந்த நெறிமுறையாலும் இயலாது. அவை நிறுவனத்தின் முடிவுகள்.

அம்முடிவுகளில் பயனர்க்கும் பங்கு உண்டு. படிமம் உருவாவதற்கு முன் தமக்கு வேண்டிய விசைப்பலகை, எழுத்துரு, ஆய்வு மென்பொருள் ஆகியவற்றின் பட்டியலைத் துறைகள் எழுத்து வடிவில் அளிக்கலாம். உருவான படிமத்தை ஒரு கணினியில் இட்டு, பழைய ஆய்வேடு ஒன்றையும் புதிய ஒருங்குறிக் கோப்பு ஒன்றையும் திறந்து பார்க்கத் துறையினர் ஒருவரை அழைக்கலாம். நிறுவும் நாளை முன்கூட்டி அறிவித்து, கோப்புகளை எடுத்துக்கொள்ளக் காலம் தரலாம். இவை மூன்றும் செலவற்றவை. சிறிது காலத்தை மட்டுமே வேண்டுபவை. ஒரு கணினியில் கண்டறியும் குறையைச் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். 60 கணினிகளுக்குச் சென்ற பின்னர் அதே குறையைத் திருத்த, பணி முழுவதையும் மீளச் செய்ய நேரிடும்.